நடிக்கிற மகன் நாடகம் போடப் பணம் கேட்கிறான், கொடுக்கலாமா?

"பி.காம். முடித்த மகன் மூன்று வருடமாக ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறான். நல்ல பெயர் இருக்கிறது. இப்போது சொந்தமாக நாடகம் தயாரிக்கப் போகிறேன், நான்கு லட்சம் வேண்டும் என்கிறான். கொடுக்கலாமா? இதற்கு எதிர்காலம் உண்டா?"

எதிர்காலம் உண்டா என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள் அம்மா. அதற்கு யார் என்ன பதில் சொன்னாலும் நான்கு லட்சம் விஷயத்தில் முடிவெடுக்க உதவாது. மகனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து இரண்டு தொகைகளை எழுதச் சொல்லுங்கள். ஒரு காட்சி நடத்த எவ்வளவு செலவு? அரங்கு நிரம்பினால் எவ்வளவு வரவு? அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தால் மேற்கொண்டு பேசலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்றால் அவன் இன்னும் நடிகன்தான், தயாரிப்பாளன் ஆகவில்லை.

நடிகருக்கு ஒத்திகை நேரம், தன் வசனம், தன் உடை, மேடையேறும் நேரம் ஆகியவை தெரிந்தால் போதும். அந்த நான்கையும் சாத்தியமாக்குகிற முப்பது நாற்பது வேலைகள் தயாரிப்பாளருடையவை. அரங்கத் தேதி பிடிப்பது, முன்பணம் கட்டுவது, எழுத்தாளரிடம் எழுத்து மூலம் உரிமை வாங்குவது, ஒன்பது பேருடைய ஓய்வு நேரங்களைப் பொருத்தி ஒத்திகை அட்டவணை போடுவது, செட் ஏற்றி வர வண்டி பேசுவது, காலர் மைக்குக்கு மாற்று பேட்டரி வைப்பது, காட்சி முடிந்ததும் அரங்கக்காரர்கள் விளக்கை அணைப்பதற்குள் எல்லாவற்றையும் கழற்றி ஏற்றுவது. நல்ல நடிப்புக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அவன் வாங்கிய கைதட்டல் இந்த வேலைக்கான சான்றிதழ் ஆகாது.

நான்கு லட்சம் எங்கே போகும் என்று மாதிரிக்கு ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் மகன் விசாரித்த தொகைகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் அமைப்பு மாறாது. இரண்டு மணி நேர நாடகம், ஒன்பது நடிகர்கள், 250 இருக்கை அரங்கம்.

முதலில் ஒருமுறைச் செலவு. எழுத்தாளருக்கு 25,000. ஒத்திகை 35 நாள், நாளுக்கு இட வாடகை, டீ, போக்குவரத்து சேர்த்து 2,000 வீதம் 70,000. செட் 90,000. உடை, மேடைப் பொருட்கள் 35,000. பின்னணி இசைப் பதிவு 30,000. போஸ்டர், புகைப்படம், முன்னோட்ட வீடியோ 20,000. ஆக 2,70,000. முதல் காட்சிக்குப் படுதா தூக்கும் முன்பே நான்கு லட்சத்தில் மீதி இருப்பது 1,30,000.

அடுத்தது ஒவ்வொரு காட்சிக்கும் ஆகும் செலவு. புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அரங்க வாடகை 30,000. லைட், மைக் வாடகை 18,000. செட் வண்டியும் ஏற்றி இறக்கும் ஆட்களும் 8,000. ஒப்பனை 4,000. சாப்பாடு 4,000. நடிகர்கள் ஒன்பது பேருக்கு ஆளுக்கு 1,500 வீதம் 13,500. மேடைக்குப் பின்னால் மூன்று பேருக்கு 4,500. டிக்கெட் தளத்தின் கமிஷனும் சில்லறைச் செலவும் 3,000. மொத்தம் 85,000.

வரவு? 250 இருக்கைகளில் 30 அழைப்பாளர்களுக்குப் போய்விடும். மீதி 220ஐயும் 300 ரூபாய்க்கு விற்றால் 66,000. அரங்கு நிறைந்த அன்றும் 19,000 கைநஷ்டம். முதல் நாடகம் போடுகிற குழுவுக்கு 60 சதவீதம் நிறைந்தாலே பெரிய விஷயம். அப்படியானால் 39,600 வரும், காட்சிக்கு 45,400 நஷ்டம். கையில் இருக்கும் 1,30,000 மூன்றாவது காட்சியைத் தாண்டாது. "இன்னும் கொஞ்சம் விளம்பரம் பண்ணியிருந்தால் தேறியிருக்கும்" என்று மகன் சொல்வான். தேறியிருக்காது. நிரம்பினாலும் நஷ்டம் தருகிற காட்சியை விளம்பரம் காப்பாற்றாது.

காப்பாற்றக்கூடியவை வேறு சில. ஒரே நாளில் மதியம் ஒன்று, மாலை ஒன்று என இரண்டு காட்சிகள் போடலாம். வண்டி, செட் கட்டுதல், லைட் வாடகை எல்லாம் ஒருமுறைதான். இரண்டாவது காட்சிக்குக் கூடுதலாக 35,000 என்று வைத்தால் இரண்டுக்கும் சேர்த்து 1,20,000. அப்போதும் 440 டிக்கெட்டில் 400 விற்றால்தான் சமன், ஆனால் கணக்கு எட்டாக்கனியாக இல்லாமல் கை நீட்டும் தூரத்துக்கு வருகிறது. பாத்திரங்களை ஐந்தாகக் குறைக்கலாம். காரில் ஏற்றக்கூடிய அளவுக்குச் செட்டைச் சுருக்கலாம். டிக்கெட் விலையைக் கூட்டலாம்: நாடகத்துக்கு ஆளுக்கு 500 ரூபாய் வரையான நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, அந்தக் கோட்டைத் தாண்டும் முன் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சென்னையில் இன்னொரு பழைய வழி சபா காட்சி. சபா தன் உறுப்பினர்களுக்காக ஒரு தொகை பேசிக் குழுவை அழைக்கும், அரங்க வாடகை சபாவின் பாடு. நம் மாதிரிக் கணக்கில் வாடகையும் டிக்கெட் செலவும் கழிந்தால் காட்சிச் செலவு 52,000. லைட்டும் மைக்கும் சபாவே கொடுத்தால் 34,000. இதில் எது என்று செக்ரட்டரியிடம் தேதி வாங்கும்போதே கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வாயால் பேசி, காட்சி நாளன்று "மைக் உங்களுடையது இல்லையா?" என்று இரண்டு பக்கமும் திகைத்து நிற்பது அடிக்கடி நடப்பது. புது நாடகங்கள் அரங்கேற கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா போன்ற இடங்கள் உண்டு. அங்கே ஒரு தேதி கிடைத்தால் மற்ற சபா செயலாளர்களும் வந்து பார்ப்பார்கள், அதுதான் அதன் உண்மையான மதிப்பு.

இனி, நடிகராக இருந்து நாடகத் தயாரிப்பாளர் ஆனவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு வருவோம். மகன் ஆர்.எஸ். மனோகரைக் காட்டுவான். காட்டட்டும், நல்ல உதாரணம்தான், முழுதாகப் பார்த்தால். 1951இல் 'ராஜாம்பாள்' படத்தில் கதாநாயகன், பின்னால் 'வண்ணக்கிளி' போன்ற படங்களில் பேர்பெற்ற வில்லன். 1954இல் நேஷனல் தியேட்டர்ஸ் என்ற குழுவைத் தொடங்கி, சினிமாவில் நடித்துக்கொண்டே அதையும் பல பத்தாண்டுகள் நடத்தினார். 'இலங்கேஸ்வரன்', 'சாணக்கிய சபதம்', 'சூரபத்மன்' எல்லாம் அவர் மேடை. கண் இமைப்பதற்குள் மாறும் அரண்மனைகள், தந்திரக் காட்சிகள், லாரியில் ஏற்ற வேண்டிய செட்டுகள். இதைப் பார்த்துவிட்டுப் பெரிய செட் போட்டால்தான் கூட்டம் வரும் என்று ஒரு பையன் முடிவு கட்டினால், பாதிப் பாடத்தைத்தான் படித்திருக்கிறான் என்று அர்த்தம்.

மீதிப் பாதி இரண்டு விஷயம். ஒன்று, சினிமாவிலிருந்து வந்த சம்பளம். குழுவின் சோறு நாடக வசூலை மட்டும் நம்பி இல்லை. இரண்டு, ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்ப ஆடியது. 'இலங்கேஸ்வரன்' ஆயிரம் தடவைக்கு மேல் மேடையேறியது. நம் மாதிரிக் கணக்கின் 90,000 ரூபாய்ச் செட்டை ஐந்து காட்சிக்குப் பங்கிட்டால் காட்சிக்கு 18,000 விழும். அறுபது காட்சிக்குப் பங்கிட்டால் 1,500. ஆயிரத்துக்குப் பங்கிட்டால் 90 ரூபாய், டீச் செலவைவிடக் குறைவு. செட்டின் விலையைத் தீர்மானிப்பது தச்சர் இல்லை, காட்சிகளின் எண்ணிக்கை. அறுபது தடவை ஆட இடம் இல்லாதவர் 90,000க்குச் செட் போடக் கூடாது. இன்றைய சென்னையில் ஒரு புதுக் குழுவுக்கு முதல் வருடத்தில் எட்டு, பத்து காட்சிகள் கிடைத்தாலே சந்தோஷப்படலாம் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

இன்னொரு குடும்பத்தையும் பாருங்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் (சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழு) 1918இல் சிறுவனாகச் சேர்ந்தவர் டி.கே. சண்முகம், ஔவையாராக வேடம் கட்டி 'ஔவை' என்ற பட்டமே பெயரோடு ஒட்டிக்கொண்டவர். 1925இல் சகோதரர்கள் நால்வரும் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். மேடையில் தெரிந்த முகங்கள் சண்முகமும் பகவதியும். மூத்தவர் சங்கரன் நிர்வாகத்தையும் முத்துசாமி எழுத்து, இசைப் பக்கத்தையும் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கம்பெனி கால் நூற்றாண்டு ஊர் ஊராகச் சுற்ற முடிந்ததில் இந்த வேலைப் பிரிவினைக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் மகனிடம் கேளுங்கள்: "உன் சங்கரன் யார்?" பில் வாங்கி வைக்கிற, பாக்கியை விடாமல் கேட்கிற, மேடையேறும் ஆசையே இல்லாத ஒருவர் குழுவில் இல்லையென்றால், நான்கு லட்சத்தைவிட முதலில் தேட வேண்டியது அவரைத்தான்.

பம்பாயின் பிருத்விராஜ் கபூர் கதையின் முடிவையும் தெரிந்துகொள்ளட்டும். 1944இல் பிருத்வி தியேட்டர்ஸ் தொடங்கியபோது அவர் ஏற்கெனவே இந்தி சினிமாவில் பெரிய நட்சத்திரம். சம்பளக் குழு, நாடு முழுக்கப் பயணம், ஒவ்வொரு காட்சியிலும் அவரே முன்னணி நடிகர். காட்சி முடிந்ததும் வாசலில் துணிப்பையை ஏந்தி நின்று நன்கொடை வாங்குவார். சினிமாவில் சம்பாதித்தது நாடகத்துக்குப் போனது. 1960இல் நிறுத்த வேண்டி வந்தது, பணம் ஒரு காரணம், பழுதான தொண்டையும் உடம்பும் இன்னொன்று. பின்னால் 1978இல் ஜுஹுவில் சசி கபூரும் ஜெனிஃபரும் திறந்த பிருத்வி தியேட்டர் வேறு மாதிரி யோசித்தது: சுமார் 200 இருக்கை, பல குழுக்களுக்கும் இடம், பெரிய பயணக் குழு எதுவும் கிடையாது. அது இன்றும் நடக்கிறது.

கபூரின் தொண்டையைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புதுத் தயாரிப்பாளர்கள் செய்கிற முதல் தவறு, கதாநாயகன் வேடத்தைத் தானே எடுத்துக்கொள்வது. ஆறரைக்குக் காட்சி என்றால் ஆறு மணிக்குத்தான் அத்தனை சிக்கலும் வரும்: வாசலில் இரண்டு பேருக்கு ஒரே இருக்கை எண், லைட் போர்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஒன்று செத்துப்போயிருக்கும், முக்கிய நடிகை போக்குவரத்தில் மாட்டியிருப்பார். அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர் கிரீன் ரூமில் மீசை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். முதல் தயாரிப்பில் மகன் சின்ன வேடத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும், அல்லது மேடை நிர்வாகி என்று ஒருவரை நியமித்து, மணி அடித்த பிறகு தயாரிப்பாளரும் அவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது தவறு, நண்பர்களை இலவசமாக நடிக்க வைப்பது. மூன்று காட்சிவரை ஓடும். நான்காவதன் அன்று ஒருவருக்கு சீரியல் ஷூட்டிங் வரும், போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, சம்பளம் வாங்காதவர் தேதிக்குக் கட்டுப்பட்டவரும் இல்லை. 1,000 ரூபாயாவது கொடுத்து, தேதிகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெரிய பாத்திரங்களுக்கு வசனம் தெரிந்த மாற்று ஆள் ஒருவரை ஒத்திகையின் பாதியிலிருந்தே உட்கார வையுங்கள்.

மூன்றாவது, உரிமை. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை வாரிசுகளிடம் இருக்கும். பழைய நாடகம்தானே, நாவல்தானே என்று எடுத்து ஆடிவிட்டு, அழைப்பிதழ் அச்சடித்த பிறகு நோட்டீஸ் வாங்கினால் ஒருமுறைச் செலவு மொத்தமும் வீண். உயிரோடு இருக்கும் எழுத்தாளருடனும் எத்தனை காட்சி, எந்த ஊர், வீடியோ பதிவுக்கு உரிமை உண்டா என்ற மூன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவதற்கும் உரிமம் வேண்டும். புதிதாக இசை பதிவதே பலநேரம் மலிவு.

போலீஸ் அனுமதி பற்றிப் பழையவர்கள் பயமுறுத்துவார்கள். நாடகப் பிரதியைக் கொடுத்து முன்அனுமதி வாங்க வைத்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் ரத்து செய்துவிட்டது. ஆனாலும் சில அரங்கங்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதம் கேட்கும். அரங்க மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படிப்பு உண்டா என்று கேட்பீர்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருட டிப்ளமா: பட்டதாரியாக இருக்க வேண்டும், முன்பே சில நாடகத் தயாரிப்புகளில் பங்கேற்றிருக்க வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் புரிய வேண்டும், மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. இடங்கள் மிகக் குறைவு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் உள்ள நிகழ்கலைப் பள்ளி தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல வழி. கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் நீநாசம் என்ற நாடக நிறுவனம், திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி ஆகியவையும் உண்டு. நீநாசத்தின் 'திருகாட்ட' பயணக் குழு வருடாவருடம் ஊர் ஊராகச் சுற்றுவது. தயாரிப்பு வேலையை வண்டியிலேயே உட்கார்ந்து கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளி தென்னிந்தியாவில் தேடினாலும் கிடைப்பது அரிது. குழு நிர்வாகத்துக்கென்றே 'ஸ்மார்ட்' என்ற பயிற்சித் திட்டத்தை இந்திய நாடக மன்றமும் ஐ.எஃப்.ஏ. (இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்) என்ற கலை அமைப்பும் ஜுனூன் என்ற நாடக அமைப்பும் சேர்ந்து தொடங்கின. மகன் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருக்கட்டும்.

உதவித்தொகைகளில், 18 முதல் 25 வயது இளம் கலைஞர்களுக்கான மத்திய அரசு உதவி மாதம் 5,000 வீதம் இரண்டு வருடம். 25 முதல் 40 வயதினருக்கான இளநிலை நல்கை மாதம் 10,000. குழுக்களுக்கான மானியம் தனி. அதற்குச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவும், சில வருடத் தணிக்கைக் கணக்கும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். இந்தப் பணத்தில் எதையும் முதல் இரண்டு வருட வரவில் எழுதாதீர்கள். வரும் தேதி உங்கள் கையில் இல்லை.

மகனுக்குத் தனி வருமானம் வேண்டும். மனோகருக்கு சினிமா எதுவோ, இவனுக்கு அது பள்ளி நாடக ஆசிரியர் வேலையாகவோ, நிறுவனப் பயிற்சி வகுப்புகளாகவோ, டப்பிங்காகவோ (அதற்குச் சங்க உறுப்பினர் அட்டை தேவை) இருக்கலாம். பி.காம். படித்தவன், பகுதிநேரக் கணக்கு வேலையும் கேவலமில்லை. குழுக்களில் கணக்குத் தெரிந்த நடிகருக்கு இருக்கும் மரியாதையை அவன் இன்னும் பார்த்திருக்க மாட்டான்.

ஆகவே நான்கு லட்சம் இப்போது வேண்டாம். நகையை அடகு வைப்பதும் தனிநபர் கடன் வாங்குவதும் எப்போதும் வேண்டாம். முதல் ஆறு மாதம், இப்போதிருக்கும் குழுவிலோ வேறொன்றிலோ மேடை நிர்வாகியாக வேலை பார்க்கட்டும். குறைந்தது எட்டு காட்சிக்குச் செட் ஏற்றி இறக்கி, லைட் வாடகை பேசி, சபாவில் பாக்கி வாங்கிவிட்டு வரட்டும். பிறகு மூன்று நடிகர்கள், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, 50 நிமிடம் ஓடும் ஒரு நாடகத்துக்கு 60,000 கொடுங்கள். இதற்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு, அவனும் அந்தச் 'சங்கரனும்' சேர்ந்தே பணம் எடுக்கும்படி. சின்ன அரங்கில் மூன்று காட்சிகள். கடைசிக் காட்சி முடிந்து பத்து நாளுக்குள் பில்லோடு கணக்கு உங்கள் மேசைக்கு வர வேண்டும். நஷ்டம் வந்திருந்தால் திட்டாதீர்கள், எந்த வரியில் வந்தது என்று மட்டும் கேளுங்கள். கணக்கே வராவிட்டால் அடுத்த நாடகத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தேதி பிடிக்கும்போது டிசம்பரைத் தொட வேண்டாம். சங்கீத சீசனில் சென்னை சபா அரங்கங்கள் கிடைக்காது, கிடைத்தாலும் நாடகத்துக்குக் கூட்டம் திரும்பாது. மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சரியாக வரும். அரங்கத்துக்கு இரண்டு மாதம் முன்பே முன்பணம் கட்டிவிடச் சொல்லுங்கள், ரசீதில் அரங்கைக் காலி செய்ய வேண்டிய நேரமும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.